கால்வாய் விருந்து

சகல ஜனங்களும் அறிந்து மெய்சிலிர்க்க வேண்டிய செய்தி யாதெனில், முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில், வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

இதை வேறெந்த மன்னரும் சாதித்ததில்லை என்றார் கால்வாய் மந்திரி பரகேசரியார். தாம் வெட்டிய கால்வாய்க்கு மன்னர் பெயரையே வைத்திருந்தார். மன்னர் உச்சி குளிர்ந்து, மூன்றாம் ஆண்டு விழாவுக்குப் பெருவிருந்து என்று அறிவித்தார்.

விகடகவி குஞ்சிதபாதத்துக்கு மட்டும் அந்த அறிவிப்பு ருசிக்கவில்லை. முந்தின நாள்தான் அவர் கால்வாய்க்கரையில் குடியானவள் செவந்தாயியைப் பார்த்திருந்தார். அவளுடைய அரைக்காணி வயல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. அக்கம்பக்கத்துத் துண்டு வயல்களும் அப்படியே.

"தண்ணி வர வழி வெட்டுனாங்க. போறதுக்கு ஒரு வடிகால் வெட்டுனாங்களாய்யா? நின்ன தண்ணி அடிமண்ணு உப்பையெல்லாம் மேல கெளப்பிடுச்சு. மூணாம் வருசமா நெல்லு நாத்துலயே கருகுது" என்றாள். "இப்ப நெலத்தையும் புடுங்கப் போறாங்களாம்."

குஞ்சிதபாதம் சபையில் இதைச் சொன்னார்.

பரகேசரியார் சிரித்தார். "வாசலில் தண்ணீர் ஓடியும் விளைவிக்காதவர்கள் சோம்பேறிகள், அரசே. நிலத்தைப் பறிப்பதே நீதி. விகடகவிக்கு அவர்கள்மேல் அவ்வளவு நம்பிக்கையென்றால், அந்த வயல்களில் விளைந்ததைக் கொண்டே விருந்து படைக்கட்டும்."

"நன்று" என்றார் மன்னர். "வெளியிலிருந்து ஒரு பருக்கையும் வரலாகாது. இலை வெறுமையாக இருந்தால் நிலம் பறிமுதல்."

"உத்தரவு" என்றார் குஞ்சிதபாதம்.

விழா நாளில் நீளமாகப் பந்தி விரித்தார்கள். வழக்கப்படி இலையோரத்தில் முதலில் உப்பு வைக்கப்பட்டது. செவந்தாயியும் ஊராரும் கூடை கூடையாகக் கொண்டுவந்த உப்பு அது. மந்திரி இலையில் மட்டும் அள்ளி அள்ளி, பானை கவிழ்த்த அளவுக்குக் குவித்தார் குஞ்சிதபாதம்.

மன்னர் காத்திருந்தார். பந்தியே காத்திருந்தது. அடுத்து ஒன்றும் வரவில்லை.

"சோறு எங்கே?"

"அரசே, அந்த வயல்களில் விளைந்தது இதுதான். கூச்சப்படாமல் கேளுங்கள், மறுமுறைக்கு நிறைய இருக்கிறது."

மன்னர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்துக் கசந்தது. "இதையா விதைத்தார்கள்?"

"அவர்கள் விதைத்தது நெல். இதை விளைவித்தவர் மந்திரியார். வடிகாலே இல்லாமல், தனியொருவராக. அதனால்தான் அவர் இலையில் தாராளம்."

மன்னர் மந்திரியின் இலையைப் பார்த்தார்; மந்திரி முகத்தைப் பார்த்தார்; வயிறு குலுங்கச் சிரித்தார். "உம் விளைச்சல் ஐயா, மிச்சம் வைக்காமல் சாப்பிடும்."

நிலம் தப்பியது. வடிகால் வெட்ட ஆணை பிறந்தது; மண்வெட்டி பரகேசரியார் கையிலேயே கொடுக்கப்பட்டது. குஞ்சிதபாதத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். வடிகாலுக்கும் மன்னர் பெயரே வைக்கப்பட்டது.

செவந்தாயியின் வயலில் உப்பு இறங்க ஏழு வருஷம் ஆயிற்று.