மை பூசாத சுவடி

அரசவைக் கதைகளில் அரசருக்கு இடம் உண்டு. அமைச்சருக்கு உண்டு. அரசரைச் சிரிக்கவைத்துப் பொற்கிழி வாங்கிப்போகும் விகடகவிக்கு உண்டு. பட்டத்து யானைக்குக்கூட உண்டு. தேர்வில் தோற்ற பெண்ணுக்கு மட்டும் இடமில்லை. தோற்ற ஆண்பிள்ளை காளி கோயிலில் போய் விழுந்தால், காளி அவன் நாவில் எழுதிக் கவிஞனாக்கி அனுப்பிவிடுவாள். வடிவம்மைக்கு அந்தக் குறுக்குவழியும் வாய்க்கவில்லை. அவள் மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது.

மாங்குறிச்சியைக் கடம்பராயர் ஆண்ட காலம். அரண்மனைக் கல்விச்சாலையில் படித்த வடிவம்மை, எழுதுவதற்குப் பனையோலையைச் சீவிப் பதப்படுத்தி விற்பவரின் மகள். மழைக்குறி நூல் ஒன்றுக்கு உரை எழுதி, தலைமைப் புலவர் திருமேனிக் கவிராயரிடம் ஒப்படைக்க வேண்டும். தேறினால் அதே சாலையில் ஆசிரியப் பணி. மூன்று முறை தள்ளப்பட்டால் சாலையைவிட்டே நீங்க வேண்டும்.

முதலாண்டு அவள் தோற்றது நியாயம். சித்திரை வெயிலில் மூளை ஓடாது என்றாள். ஆடியில் எதையும் தொடங்கலாகாது என்றாள். ஐப்பசி மழையில் ஓலை நமுத்துவிடும் என்றாள். எழுத்தாணியைக் கூராக்குவதிலேயே கார்த்திகை கழிந்தது. மார்கழியின் கடைசி நான்கு நாட்களில் கிறுக்கியதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "மூன்றாம் ஏட்டில் சொற்குற்றம், ஏழாம் ஏட்டில் பொருட்குற்றம், முடிவில் அவசரம்" என்று கவிராயர் தள்ளினார். அழுதாள், ஆனால் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாமாண்டு தை பிறந்ததுமே உட்கார்ந்தாள். மூன்றாம் ஏட்டை ஒன்பது முறை மாற்றி எழுதினாள். ஏழாம் ஏட்டுக்காக வயல்வயலாய் அலைந்து, எறும்பு முட்டை சுமப்பதையும் தும்பி தாழப் பறப்பதையும் உழவர்களிடம் கேட்டறிந்தாள். கவிராயரின் தீர்ப்போ மூன்றாம் ஏடு, ஏழாம் ஏடு, முடிவில் அவசரம் என்று ஓர் அசை மாறாமல் வந்தது. இம்முறை அவள் அழவில்லை. யோசித்தாள்.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து எளிதில் கண்ணுக்குத் தெரியாது. வசம்புக் கரியைக் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலில் கருமை தங்கி எழுத்து எழும். மாங்குறிச்சியில் தேறிய சுவடிக்கு மட்டுமே மை பூசுவார்கள். அதுவரை ஏடுகளைக் கவிராயர் ஒருவரே ஒளியில் சாய்த்துப் பிடித்துப் படிப்பார். படித்தாரா என்று கேட்க எவருக்கும் வழியில்லை.

மூன்றாமாண்டுச் சுவடி கவிராயர் வீட்டில் நாற்பது நாள் இருந்தது. மூன்றாம் முறை என்பதால் தீர்ப்பை அரசவையில் சொல்ல வேண்டும் என்பது விதி. கவிராயர் எழுந்தார். சுவடியை உயர்த்திப் பிடித்தார். மூன்றாம் ஏட்டில் சொற்குற்றம், ஏழாம் ஏட்டில் பொருட்குற்றம், முடிவில் அவசரம் என்று வருத்தம் தோய்ந்த குரலில் அறிவித்தார்.

வடிவம்மை வணங்கினாள். "போகிறேன், அரசே. போகும்முன் என் பிழைகளை நான் கண்ணால் பார்க்க வேண்டும். மை பூச உத்தரவிடுங்கள்."

தேறாத சுவடிக்கு மை பூசும் மரபில்லை என்றார் கவிராயர். நாட்டில் வசம்புக்கு என்ன பஞ்சமா என்றார் அரசர்.

மூன்றாம் ஏட்டில் பூசித் துடைத்தார்கள். ஒன்றும் எழவில்லை. ஏழாம் ஏட்டில் பூசினார்கள். கழுவிவிட்ட வாழையிலை போல் பளிச்சென்று இருந்தது. கடைசி ஏடுவரை ஒரு புள்ளிகூட இல்லை.

"கவிராயரே, ஏழாம் ஏட்டில் பொருட்குற்றம் என்றீரே?" என்றார் அரசர்.

கவிராயர் லேசுப்பட்டவர் அல்லர். "பொருளே இல்லாததைவிடப் பெரிய பொருட்குற்றம் உண்டா, அரசே?"

அவை சிரித்தது. அரசரும் சிரித்தார். "சரி. சொல்லே இல்லாதது சொற்குற்றம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். தொடங்காத ஒன்றை இவள் அவசரமாக முடித்தது எப்படி? அதை மட்டும் விளக்கும்."

கவிராயர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மை பூசிய ஏடுகளை வாங்கிப் புரட்டிய கையில் கரி இருந்ததை மறந்துவிட்டார்.

அரசர் வடிவம்மையின் பக்கம் திரும்பினார். அவையில் வெற்றோலை கொடுப்பது விளையாட்டா என்று கேட்டார். அவள் மடியிலிருந்து இன்னொரு சுவடியை எடுத்தாள். "எழுதியது இது, அரசே. எட்டுப் பிழை எனக்கே தெரியும். கடைசி ஏட்டில் குறித்திருக்கிறேன்."

"இவர் படிக்கவில்லை என்று எப்படிக் கண்டாய்?"

"போன இரண்டு ஆண்டும் இதே தீர்ப்பு, அரசே, ஓர் அசை மாறவில்லை. ஓர் ஆண்டு முழுவதையும் நாளை நாளை என்றே கழித்தவள் நான். செய்யாத வேலையைப் பற்றித்தான் அத்தனை தெளிவாகப் பேச வரும்."

அன்றே, அவையிலேயே, அந்தச் சுவடியைப் படித்து முடிக்கும்வரை கவிராயருக்குச் சோறில்லை என்று உத்தரவாயிற்று. அவர் படித்தார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உட்கார்ந்து படித்தால் அவர் மெய்யாகவே புலவர். பொழுது சாயும்முன் பதினான்கு பிழைகளைக் கண்டெடுத்தார். பத்துக்கு மேல் போனால் தேறாது. பதினான்கு என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு அரசரைப் பார்த்தார்.

பரவாயில்லை, தேறியதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று அரசர் இரங்கினார். வடிவம்மை தலையசைத்து மறுத்தாள்.

"படித்துத் தள்ளியிருக்கிறார், அரசே, எனக்கு அது போதும். எனக்குத் தெரியாத அந்த ஆறு பிழை எவை என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்."

அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். படிக்காமல் தள்ளிய இரண்டாமாண்டு கணக்கில் சேராது என்று தீர்ப்பளித்து அவளுக்கு இன்னோர் ஆண்டு கொடுத்தார். எல்லாச் சுவடிக்கும் மை பூசிய பிறகே தீர்ப்பு என்றும் விதித்தார்.

அடுத்த ஆண்டு வடிவம்மை தேறினாள். அதே சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தாள். தன்னிடம் வந்த சுவடிகளை எல்லாம் படித்தாள்; பலவற்றைத் தள்ளினாள். தனக்கென்று ஒரு நிகண்டு எழுதப் போவதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எழுதவில்லை.