ஹால் பெரிதான ரகசியம்

அடுக்குமாடி கட்டி விற்கும் தணிகாசலத்தின் ஆபீசில், ஒருவர் விஆர் கண்ணாடி மாட்டி ஃப்ளாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலேயே, வீடியோ எடிட்டர் மெஹருன்னிசாவிடம் தணிகாசலம் எகிறினார்.

"இந்த ஃப்ளாட் வீடியோவுல ரெசல்யூஷன் ஏறணும், ஃப்ரேம் ரேட்டும் ஏறணும், படம் துளி மங்கக் கூடாது. ஃபைல் சைஸ் மட்டும் இதேதான். முடியலைன்னா வேலையை விட்டுப் போ!"

"ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணைக் குறைக்கணும் சார்."

"சாக்கு சொல்லாதே!"

"சரி, உங்ககிட்டயே கத்துக்கறேன். இத்தனூண்டு ஃப்ளாட்டுல ஹாலை எப்படி சார் இவ்வளவு பெருசாக்கினீங்க?"

தணிகாசலத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "பாத்ரூமைச் சுருக்கினேன், கிச்சன்ல ரெண்டடி சுட்டேன். எவனுக்குத் தெரியும்?"

கண்ணாடி மறைத்தது கண்ணைத்தான், காதை அல்ல. வீடு பார்க்க வந்தவர் அதைக் கழற்றினார். "முதல்ல அந்த பாத்ரூமைக் காட்டுங்க."

"நானும் அதையேதான் சார் செய்யணும்," என்றாள் மெஹருன்னிசா தணிகாசலத்திடம். "ஆனா, நான் சொல்லிட்டுச் செய்வேன்."