அரசன் முகத்தில் துப்பிய குழாய்

முன்னொரு காலத்தில், ஆறு கீழேயும் அரண்மனை குன்றின் மேலேயும் இருந்த ஒரு நாட்டைக் கோமேதகராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நினைத்தவுடன் குளிக்க வேண்டும், கோபம் வந்தவுடன் தண்டிக்க வேண்டும் அவனுக்கு.

அரசன் மாடியில் குளிப்பதற்காகக் செம்பு வேலை செய்யும் கன்னான் பேச்சிமுத்து ஆற்றங்கரையில் ஒரு பொறி செய்தான். தண்டை இழுத்துத் தள்ளினால் செப்புக் குழாய் வழியே நீர் மேலேறும். ஏறியது. ஆனால் விட்டு விட்டுப் பீச்சியடித்தது. முதல் நாளே அரசன் கண்ணில் சீயக்காய் இறங்கிவிட்டது.

"குழாய் என் முகத்தில் துப்புகிறது! பேச்சிமுத்துவைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!"

"அரசே, தள்ளும்போது நீர் வரும், இழுக்கும்போது நிற்கும். அது பொறியின் இயல்பு. நாளை வரை பொறுங்கள், சரிசெய்கிறேன்" என்றார் அமைச்சர் இளங்கண்ணனார்.

அமைச்சரைக் கண்டாலே எரியும் வேங்கடமல்லர் என்ற பிரபு எழுந்தார். "காற்றடைத்த பாத்திரத்தைக் குழாயில் பொருத்தினால் துள்ளல் அடங்கும். இது தெரியாதா? நான் பொருத்துகிறேன். அதற்கும் அடங்காவிட்டால் குற்றம் கன்னானுடையதுதான்!"

மறுநாள் பெரிய வெண்கல அண்டா ஒன்று மூடி போட்டு மாடியில் ஏறியது, அரசன் கண்ணில் படவேண்டுமே! வேங்கடமல்லர் பட்டுடுத்திக்கொண்டு கீழே பொறியருகில் நின்று, ஆட்களைப் பார்த்து "தள்ளுங்கடா!" என்றார். மேலே நீர் கொஞ்சம் அடங்கியது. கீழே குழாய் உதறி உதறி, மூட்டு விட்டு, அவரையே குளிப்பாட்டியது.

"கிளம்பச் சொல்லுங்கள் கன்னானை!" என்று கத்தினான் அரசன். பேச்சிமுத்துவின் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள்.

அமைச்சரோ, துத்தி என்னும் தோல்பைக் குழலில் சுருதி பிடிக்கும் துத்திக்காரரை அழைத்து, "ஊதுங்கள் ஐயா" என்றார்.

"இப்போது கச்சேரியா?" என்று அரசன் சீறினான்.

"கேளுங்கள் அரசே. அவர் விட்டு விட்டுத்தான் ஊதுகிறார். ஓசை அறுகிறதா?"

"இல்லையே!"

"ஊதும்போது அந்தத் தோல்பை காற்றை வாங்கிக்கொள்கிறது, மூச்செடுக்கும்போது திருப்பித் தருகிறது. ஆனால் வாயருகில் இருப்பதால்தான் தருகிறது; தள்ளி மாடியில் இருந்த அண்டாவால் அது முடியவில்லை. பேச்சிமுத்து, குழாய் விட்டுப்போன இடத்தை அடைத்துவிட்டு, காற்றடைத்த தோல்பை ஒன்றைச் சிறு பானைக்குள் வைத்துப் பொறியின் வாயிலேயே பொருத்தப்பா. பையில் காற்றை ரொம்ப இறுக்கி நிரப்பினால் வாங்காது, தளர விட்டால் நசுங்கிப் போகும். பார்த்து நிரப்பு."

அன்று மாலை நீர் நூல் பிடித்ததுபோல் இறங்கியது. அரசன் வெகுநேரம் தலையைக் காட்டிக்கொண்டே நின்றான்.

பிறகு பேச்சிமுத்துவுக்கு ஆற்றங்கரையிலேயே வீடும் நிலமும் கொடுத்தான். ஈரப்பட்டோடு நடுங்கிய வேங்கடமல்லருக்குத் தன் துண்டையே கொடுத்து, "அண்டாவைப் பெரிதாக வைத்தீர், ஆனால் தள்ளி வைத்தீர். முதலில் தலையைத் துவட்டும்" என்றான். அவர் குனிந்தபடியே துவட்டத் தொடங்கினார்.

"அமைச்சரே, என் கோபமும் இப்படித்தான் பீச்சியடிக்கிறது. இனி அதை வாங்கிக்கொள்ள என் பக்கத்து ஆசனம் உமக்கு."

"உத்தரவு அரசே. ரொம்ப இறுக்காமல் இருந்தால் சரி."