லாரி ஜன்னலை அடைத்த மலையணில்

காட்டோரத்தில் பழைய லாரி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. டிரைவர் உட்காரும் முன்னறையில் ஒரு மலையணில் குடியிருந்தது. ஒரு பக்க ஜன்னல் இறுக மூடியிருந்தது. மறுபக்கக் கண்ணாடி ஒரு சாண் இறங்கி, அப்படியே சிக்கி நின்றுவிட்டது. அந்தச் சந்துதான் மலையணிலுக்கு வாசல்.

கோடையில் ஒரு மைனா வந்தது. "அண்ணே, முட்டையிட இடம் தேடி அலைகிறேன். ஸ்டியரிங் பக்கம் ஒரு மூலை கொடுத்தால் போதும்!"

"தாராளமாக வா! ஆனால் என் இடம் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். ஈரம் எனக்கு ஆகாது!"

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. அவற்றுக்கு இறகு முளைக்குமுன் மழைக்காலம் வந்துவிட்டது. முதல் மழையிலேயே சீட்டுப் பஞ்சு தொப்பலாக நனைந்தது. மலையணிலுக்கு வந்ததே கோபம்!

"இந்த ஜன்னல் சந்தை இன்றைக்கே அடைக்கிறேன்!"

"அண்ணே, அடைத்தால் காற்று வராதே?"

"காற்றாவது கீற்றாவது! ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது. பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்!"

கொட்டுகிற மழையில் குஞ்சுகளை எங்கே தூக்கிப் போவது? மைனா குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது.

மலையணில் சேற்றையும் இலையையும் குழைத்து, சந்தை ஓட்டையில்லாமல் பூசியது. அடுத்த மழைக்கு ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

"பார்த்தாயா!" என்று நெஞ்சை நிமிர்த்தியது.

ஆனால், நேரம் போகப் போக உள்ளே புழுங்கியது. கண்ணாடியிலெல்லாம் ஆவி படிந்தது. ஈரப் பஞ்சின் வாடை மூக்கை அடைத்தது. குஞ்சுகள் அலகைப் பிளந்து மூச்சு வாங்கின.

"அண்ணே! சின்னவன் தலை தொங்கிவிட்டது!" மைனா அலறியது.

'மழை இப்போது விட்டுவிடும்' என்று சொல்ல மலையணில் வாயெடுத்தது. ஆனால் அதன் தலையும் சுற்றியது. பயந்துபோய், பூசிய சேற்றை நகத்தால் பிய்த்தெறிந்தது. குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்தது. வெகுநேரம் கழித்துச் சின்னக் குஞ்சு மெல்ல 'கீச்' என்றது.

மழையும் உள்ளே வந்தது. மைனா சந்தில் நின்று சிறகை விரித்து மறைத்தது. அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மலையணிலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறைப்பு ஏதாவது தேடி வெளியே பாய்ந்தது; மழை வலுக்கவே ஒரு பாறையடியில் ஒதுங்கியது.

அங்கே முன்பக்கம் முழுதும் திறந்து கிடந்தது. காற்று வீசியது. ஆனாலும் தரை காய்ந்திருந்தது! மலையணில் அண்ணாந்து பார்த்தது. பாறையின் மேல்விளிம்பு முன்னே நீண்டு, மழையை அப்பால் தள்ளிக்கொண்டிருந்தது.

உடனே ஓடையோரத்துக் கமுக மரங்களுக்கு ஓடியது. விழுந்து கிடந்த அகலமான பாக்குமட்டை ஒன்றை இழுத்து வந்தது. ஒரு முனையை லாரிக் கூரைக் கம்பியில் கொடியால் கட்டியது. மறுமுனையை, டிரைவர் பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியின் கம்பியின்மேல் சாய்த்தது. மழை மட்டையில் தடதடவென்று விழுந்து வெளியே வழிந்தது. அதன் கீழே, திறந்த சந்து வழியாகக் காற்று சுகமாக வந்தது.

"தங்கச்சி, நீ கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்," என்றது மலையணில்.

"மட்டை காற்றில் ஆடுகிறது அண்ணே. இன்னொரு கட்டுப் போடுங்கள்!" என்றது மைனா.

வேண்டாததைத் தடுக்கும் வேகத்தில், உயிர் வாழ வேண்டியதையும் சேர்த்து அடைத்துவிடக் கூடாது.