இளஞ்சிவப்பு நீலமான கதை

வேதியியல் செய்முறைத் தேர்வு நடத்த வந்த பேராசிரியர் அரங்கநாயகம் காலையிலிருந்து ஒருவரையும் தேறவிடவில்லை. அடுத்து மாணவி இசக்கியம்மாளின் முறை. இதில் தவறினால் பட்டம் கிடையாது.

சோதனைக்குழாயில் இளஞ்சிவப்பான கோபால்ட் கரைசலை அவர் நீட்டினார். "இதை நீலமாக்கு. உள்ளே ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. அடுப்பு, விளக்கு எதையும் தொடக் கூடாது."

சூடாக்கினால் நீலமாகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சூட்டுக்கு எங்கே போவாள்? அவள் தவித்து நிற்கையில், பேராசிரியருக்குக் கொதிக்கக் கொதிக்க டீ வந்தது. சட்டென்று சோதனைக்குழாயை அதற்குள் இறக்கினாள்.

"ஏய், என் டீ!"

"குழாய்க்குள்ள ஒரு சொட்டும் போகலைங்க ஐயா."

கரைசல் மெல்ல நீலமானது. அறையே சிரித்தது. வேறு வழியின்றி மதிப்பெண் போட்ட பேராசிரியர், வாசலைப் பார்த்துக் கத்தினார்: "அடுத்து வர்றவங்க டீயையும் தொடக் கூடாது!"