வலைக்குள் பூத்த லினேரியா

கோத்தகிரிக்கு மேலே, ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் நாச்சியார் அம்மையின் ஆசிரமம் இருந்தது. அவருடைய மூத்த சீடர் மாசிலாமணி. வயதிலும் மூத்தவர்தான், குருவே அவரைவிட இருபது வயது இளையவர். அம்மை பேசியதை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

தோட்டமும் அவர் பொறுப்பு. வேலி நெடுக லினேரியா என்னும் பூச்செடி ஊதா நிறத்தில் தானாகவே மண்டிக் கிடந்தது. மெல்லிய தண்டு, அதில் அடுக்கடுக்காகச் சின்னப் பூக்கள். ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டுதோறும் தழைக்கும். அதிலேயே ரோஜா நிற வகைச் செடிகள் சிலவற்றை ஒரு பக்தர் கொண்டுவந்து கொடுத்தார். மாசிலாமணி அவற்றின்மேல் உயிரை வைத்துவிட்டார்.

காய் முற்றியதும் விதையைத் தட்டி எடுத்தார். பொடிப் பொடியான விதை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்பதால் மண் போட்டு மூடாமல் மேலாகத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, தும்மல் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு வளர்த்தார். மறு ஆண்டு நாற்றுகள் பூத்தன. பார்த்தால் எல்லாம் ஊதா.

அந்தச் சோகம் ஆறுவதற்குள் வேலையாக மேட்டுப்பாளையம் போனார். அங்கே மாவு மில் நடத்தும் ரங்காத்தாளும் அம்மையின் சீடர்தான். வெள்ளிக்கிழமைதோறும் மில் வாசலில் பெண்களைக் கூட்டி அம்மையின் கதைகளைச் சொல்வார். மாசிலாமணி பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பாதியிலேயே எழுந்துவிட்டார்.

மலையேறி வந்ததும் நேராக அம்மையிடம் போய்ப் புகார் வைத்தார். அம்மையின் கதையில் பாலத்தைக் கடக்க மறுப்பது அரசனுடைய யானை. ரங்காத்தாள் வாயில் அது எதிர்வீட்டு வெள்ளாடாகிவிட்டது. அரசனையும் காணோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு மருமகள் கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அம்மையும் சிரித்துவிட்டார். "ஆடு பாலத்தைத் தாண்டுச்சா?"

"நான் கேக்கலைம்மா. எந்திரிச்சு வந்துட்டேன்." மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார். "நாளைக்கு உங்க வார்த்தைன்னு சொல்லிக்க என்ன மிஞ்சும்? அந்தக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லுங்க."

அம்மை சிரிப்பை நிறுத்தினார். மாசிலாமணியின் பயம் உண்மையானது என்று அம்மைக்குத் தெரிந்தது.

"நிறுத்திடலாம். நான் சொல்லி அனுப்பினா ரங்காத்தா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டா. ஆனா முதல்ல நீங்க ஒண்ணு செய்யணும். உங்க ரோஜா நிறப் பூவில வேற நிறம் கலக்காம ஒரு பருவம் காப்பாத்திக் காட்டுங்க."

"அது எப்படிம்மா கலக்குது?"

"தேனீதான். வேலிப் பூவில உக்காந்த காலோட இங்கயும் வந்து உக்காருது."

மாசிலாமணிக்கு அது போதும். பக்தர் கொடுத்த பழைய செடிகள் மறுபடி துளிர்த்து மொட்டு விட்டதுமே, குச்சி நட்டு, கொசுவலையைச் சுற்றிக் கட்டி, ஓரங்களில் கல் வைத்துவிட்டார். தேனீக்கள் வந்தன, முட்டின, சுற்றின, வேலிப் பக்கம் போய்விட்டன. அவர் முக்காலி போட்டு உட்கார்ந்து அதை ரசித்தார். ஆசிரமத்தில் அந்தப் பருவம் முழுக்க அவரைவிட மகிழ்ச்சியான ஆள் இல்லை. வலைக்குள் பூக்கள் ரோஜா நிறத்தில் குலுங்கின.

பூ உதிர்ந்தது. வேலியில் ஊதாச் செடிகளின் காய்கள் முற்றி, தொட்டால் விதை கொட்டின. மாசிலாமணி ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்து, வலையை விலக்கி, முதல் தண்டைத் தட்டினார். எதுவும் விழவில்லை. அடுத்ததைத் தட்டினார். கடைசித் தண்டுவரை தட்டிப் பார்த்தார். சுருங்கிய காய்களை நகத்தால் பிளந்தார். உள்ளே ஒன்றுமில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

காய்களைத் தாளோடு அள்ளிக்கொண்டு போய் அம்மையின் முன் வைத்தார். அம்மை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"தேனீ ஒண்ணுகூட உள்ளே போகலையா?"

"ஒண்ணுகூடப் போகலைம்மா."

"வேற நிறம் கலந்துச்சா?"

"இல்லை."

"அப்ப நீங்க சொன்னதைச் செஞ்சுட்டீங்க. இனி நான்தான் என் வாக்கைக் காப்பாத்தணும்." அம்மை தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். "ரங்காத்தாளுக்கு இன்னைக்கே ஆள் அனுப்பட்டுமா?"

மாசிலாமணி எழுந்தார். வெளியே போய், வலையை அவிழ்க்கத் தொடங்கினார்.