ராஜாவின் கொட்டாவி

வீரகண்ட பூபதி என்று ஒரு ராஜா. அவர் வாயைத் திறந்தால் உத்தரவு வரும், இல்லையென்றால் கொட்டாவி வரும். உத்தரவுக்கு ஒருத்தன் ஓடினால் போதும். கொட்டாவிக்கோ சபை மொத்தமும் சொடக்குப் போட வேண்டும். முந்நூறு பேர் ஒன்றாகச் சொடக்கினால் அரண்மனைப் புறாக்கள் பக்கத்து நாட்டுக்கே பறந்துவிடும். நானே பார்த்தேன் என்றால் என் வயதைக் கேட்பீர்கள், விடுங்கள்.

ஒருநாள் காலையில் ராஜா கொட்டாவி விட்டார். சொடக்கும் விழுந்தது. பிரதானி சிங்காரப்பன் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா! வாசல் காவலன் செங்கான் சொடக்கவில்லை!"

செங்கானுக்கு வலது கையில் ஒரு விரல்கூடக் கிடையாது. ராஜாவின் சண்டையில் போனவை. பக்கத்து ராஜா இவர் மீசையைப் பார்த்துச் சிரித்தாராம், அதற்கு ஒரு சண்டை!

"இடது கை என்ன ஆயிற்று?" என்றார் பிரதானி.

"இடது கையாலே சொடக்கினா மரியாதைக் குறைச்சலுங்களே, சாமி."

"எதிர்த்துப் பேசுகிறான்! ஐந்து விரல் அடங்காவிட்டால் தங்கள் அதிகாரமே சரிந்ததாக அர்த்தம், மகாராஜா."

"தலையை வாங்கு" என்றார் ராஜா, அடுத்த கொட்டாவிக்கு நடுவே.

விகடகவி வேம்பையன் எழுந்தான்.

"பேஷாக வாங்கலாம். ஆனால் ஐந்து விரலில் சரிகிற அதிகாரமா தங்களுடையது? பிரதானி தங்களை இவ்வளவு மட்டமாக நினைத்திருக்கிறாரே! சபையில் எல்லாரும் விரலை மடக்கட்டும். அப்போதும் தங்கள் அதிகாரம் அசையாது என்று காட்டுங்கள்."

ராஜாவுக்கு மீசை துடித்தது. "மடக்குங்கடா! உச்சி மணி அடிக்கும்வரை, நானே சொன்னாலும் பிரிக்கக்கூடாது. பிரித்தவன் தலை போகும்!"

முந்நூறு பேரும் விரலை மடக்கினார்கள். சாமரம் கீழே விழுந்தது. ஈக்கள் வந்தன. ராஜாவின் மூக்கில் ஒன்று உட்கார்ந்து குடித்தனமே நடத்தியது.

"தூ!" என்று ராஜா துள்ளி எழுந்தார். அங்கேதான் வந்தது வினை. அவர் எழும்போதெல்லாம் இரண்டு பேர் ஓடிவந்து பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டுவார்கள். பிறந்ததிலிருந்து அவர் தானாக வேட்டி கட்டியதில்லை. வேட்டி நழுவியது. இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தார். கிரீடம் சரிந்து கண்ணை மூடியது.

"பிரதானி, கட்டும்!"

"தலை போகுமே, மகாராஜா" என்றார் பிரதானி, இரண்டு முஷ்டியையும் காட்டி.

ராஜா கிரீடத்தைத் தள்ள ஒரு கையை எடுத்தார். வேட்டி ஒரு முழம் இறங்கியது. பெண்கள் மாடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"யாராவது வாங்களேன்!"

செங்கான் மெல்ல முன்னே வந்தான். "எனக்கு இந்தக் கையிலே மடக்க விரலே இல்லீங்களே, சாமி." மொட்டைக் கையால் வேட்டியை ராஜாவின் இடுப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். ராஜா பெருமூச்சு விட்டுக் கிரீடத்தை நிமிர்த்தினார்.

வேம்பையன் கும்பிட்டான், முஷ்டியோடு முஷ்டி சேர்த்து.

"சோதனை முடிந்தது, மகாராஜா. தங்கள் அதிகாரத்தில் மிச்சமிருப்பது இவன் கையில் இருக்கிறது. தீர்ப்புப்படி இவன் தலையை எடுத்துவிடலாமா?"

"தலை கிடக்கட்டும்!" என்று அலறினார் ராஜா. "உச்சி மணி அடிக்கும்வரை அவன் கையை எடுக்காமல் பார்த்துக்கொள்ளய்யா!"